சங்கு ஓயும் வரை

ஒச்சப்பனுக்கு லீவு என்றாலே ஆகாது. மற்றவர்கள் ஒரு நாள் லீவுக்காக மேஸ்திரியின் பின்னால் ஒரு வாரம் அலைவார்கள். இவர் லீவு கிடைத்த பிறகுதான் அலைவார், வாசலுக்கும் புழக்கடைக்குமாக. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் ஆகிவிட்டது. காலையில் ஒரு சங்கு, சாப்பாட்டுக்கு ஒரு சங்கு, திரும்ப உள்ளே போக ஒன்று, சாயங்காலம் வெளியே விட ஒன்று. குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சுவதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும்கூட அந்தச் சங்கைக் கேட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை அது ஊதாது. அன்றைக்கு மனுஷனுக்குப் பசிக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது.

பாகிஸ்தானோடு போர் வந்த டிசம்பரில் அவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஞாயிறும் வேலை, ராத்திரியும் வேலை. போர் முடிந்து ஐந்து மாதம் கழித்து, மே மாதத்தில் ஒரு ஞாயிறு சும்மா வந்து நின்றது. அதற்கு முதல் நாளே அவர் மனைவி ஆயம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நா கலியாணமாயி இந்த மலைக்கு வந்து பத்து வருசமாச்சு. எங்கெங்கிருந்தோ சனம் வந்து சுத்திப் பாத்துட்டுப் போவுது. நா ரேசன் கடை வரைக்கும்தான் பாத்திருக்கறனுங்க."

சொன்னதில் பொய் இல்லை என்பதால் அவரால் கோபப்படவும் முடியவில்லை. குவார்ட்டர்ஸ் முனையில் பிஸ்கட், டீத்தூள் கடை வைத்திருக்கும் நூருல்லாவிடம் போய்ச் சொன்னார். நூருல்லாவிடம் ஊட்டி மார்க்கெட்டிலிருந்து சரக்கு ஏற்றிவர ஒரு பழைய வேன் இருந்தது. அவனும் மனைவி ஜெய்புன்னிசாவும் ஆளுக்கு முந்திக் கிளம்பிவிட்டார்கள். எமரால்டு பக்கம் போகலாம் என்றான். அங்கே ஒரு அணைக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் நல்ல மணல் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் சனம் சோற்றுமூட்டையோடு வந்துவிடும், அந்தப் பக்கத்து ஆட்கள் அதை பீச்சு என்றுதான் சொல்வார்கள் என்றான். கடலைக் கண்ணால் பார்க்காதவர்கள் வைத்த பெயர், என்ன செய்வது.

வேனில் அரிசி மூட்டை கிடக்கும் இடத்தில் கம்பளியை விரித்து உட்கார்ந்தார்கள். ஒச்சப்பன், மடியில் பத்து மாதக் கைக்குழந்தையோடு ஆயம்மாள், எட்டு வயது வேலாமணி. முன்னால் நூருல்லாவும் ஜெய்புன்னிசாவும். ஒச்சப்பன் ஏறும்போது ஒருமுறை தலையை எண்ணினார். இத்தலார் தாண்டியபோது இன்னொரு முறை எண்ணினார். ஓடுகிற வேனிலிருந்து யார் குறையப் போகிறார்கள் என்று ஆயம்மாள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

ரோட்டோரம் வேனை நிறுத்திவிட்டுத் தைல வாசம் அடிக்கும் கற்பூர மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் கால் மணி நேரம் இறங்கினார்கள். ஒச்சப்பன் எல்லாரையும் வரிசையாக விட்டு, தான் கடைசியில் வந்தார். ஜெய்புன்னிசா இரண்டு தரம் வரிசையை விட்டு விலகிப் பூப் பறித்தாள். இரண்டு தரமும் அவர் செருமினார். வேலாமணி மட்டும் எல்லாருக்கும் முன்னால் ஓடி, பாதை முடிவதற்குள் கண்ணுக்கு மறைந்துவிட்டாள்.

மணல் தொடங்கும் இடத்தில் ஒரு தகரப் பலகை நட்டிருந்தது. ஒச்சப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"முதல் சங்கு ஊதியதும் ஆற்றிலிருந்து கரையேறவும். இரண்டாம் சங்கு ஊதியதும் தண்ணீர் திறந்துவிடப்படும்."

படித்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "சங்கப் பத்தி நமக்கே பாடம் எடுக்கறாங்க பாரு, நூருல்லா."

"உங்களுக்குப் போய்ச் சொல்லலாமுங்களாண்ணே," என்றான் நூருல்லா.

வேலாமணியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவரே அல்லவா கற்றுக்கொடுத்தார்.

அந்தக் கதையைக் குவார்ட்டர்ஸில் கேட்காத காது இல்லை. போர் மூள்வதற்குச் சில மாதம் முன்பிருந்தே ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் ஒரு வார்டன் போட்டார்கள். பன்னிரண்டு வீட்டுக்கு ஒச்சப்பன் வார்டன். கையில் ஒரு சிவப்புப் பட்டை, கழுத்தில் ஒரு விசில். விமானம் வந்தால் தப்பிக்கும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு முறை நடக்கும். முதல் சங்கு ஏறி இறங்கி அலறியதும் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாரும் பக்கத்தில் எது பள்ளமோ அதில் குப்புற விழ வேண்டும். கண்ணை மூட வேண்டும். காதில் விரல் விட வேண்டும். பல்லுக்கு நடுவில் துணியைக் கடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது சங்கு ஊதினால்தான் ஆபத்து நீங்கியது என்று அர்த்தம், அதுவரை அசையக் கூடாது. இவ்வளவும் மேலிடம் சொன்னது. யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது, அப்பா கூப்பிட்டாலும் கூடாது என்பது ஒச்சப்பன் சொந்தமாகச் சேர்த்தது.

சேர்த்ததோடு விட்டாரா? சோதித்தும் பார்த்தார். பிள்ளைகள் பள்ளத்தில் கிடக்கும்போது குனிந்து, விரலைக் காதிலிருந்து நைசாக இழுத்துவிட்டு, "போதும் எந்திரிங்க, முட்டாயி தாரேன் வாங்க" என்பார். தலையைத் தூக்கிய பிள்ளைக்கு உச்சியில் ஒரு குட்டு. எல்லாப் பிள்ளைகளும் ஒரு தடவையாவது ஏமாந்தன. வேலாமணி ஏமாறவே இல்லை. ஒருநாள் எறும்புப் புற்று ஓரத்தில் விழுந்துவிட்டாள். தொடையெல்லாம் கடித்து வீங்கியும் சங்கு ஊதும் வரை ஒரு விரலை அசைக்கவில்லை. பார்க்க வந்த அதிகாரி அவள் தலையில் கை வைத்து "சபாஷ்" என்றார். அதற்குப் பிறகு ஒச்சப்பன் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார். அன்று ராத்திரி அந்தத் தொடைக்கு எண்ணெய் தடவியது ஆயம்மாள்.

மணலில் ஏற்கெனவே நாலைந்து குடும்பம் இருந்தது. ஒருவர் டிரான்சிஸ்டரை மரக்கிளையில் மாட்டியிருந்தார். ஆறு இரண்டு மூன்று நூலாகப் பிரிந்து கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கங்கே யானை படுத்த மாதிரி பாறைகள். அணை வளைவுக்கு அப்பால் இருந்ததால் கண்ணில் படவில்லை.

"இதுதானுங்களாப்பா கடலு?" என்று ஓடி வந்து கேட்டாள் வேலாமணி.

"கடலுக்கு அக்கரை தெரியாது கண்ணு. இது ஆறு."

அவள் அக்கரையை ஒரு தரம் பார்த்தாள். கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் காலடியில் வெள்ளைக் கல் ஒன்று கிடந்தது. எடுத்துப் பாவாடையின் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு என்று போய்க்கொண்டே இருந்தாள்.

ஆயம்மாள் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை ஒச்சப்பன் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது. பார்த்தும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார். எழுந்தார். சோற்றுப் பாத்திரத்தை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தினார். நிழல் நகர்ந்ததும் பாத்திரத்தை மறுபடி நகர்த்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பன்னிரண்டு. சங்கு ஊத வேண்டிய நேரம். ஊதவில்லை. இங்கே எப்படி ஊதும் என்று அறிவுக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. எதையோ பூட்டாமல் வந்துவிட்டது போல ஒரு அரிப்பு.

"செத்த நேரம் உக்காருங்களே," என்றாள் ஆயம்மாள். "உங்களப் பாத்துப் பாத்து எனக்குக் காலு வலிக்குது."

"வேலா எங்க?"

"கல்லு பொறுக்கறா. அங்கதான் இருக்கறா."

அங்கேதான் இருந்தாள். பாறைகளுக்கு நடுவில் நீலப் பாவாடை தெரிந்தது. எண்ணிக்கை சரி. அவர் இலையைப் போட்டார். ஜெய்புன்னிசா நெய்ச்சோற்றைக் கரண்டியால் அள்ளியபோது மணி பன்னிரண்டரை.

அப்போது சங்கு ஊதியது.

வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து, மலை இரண்டிலும் மோதி, ஏறி இறங்கி அலறியது. அதே சத்தம். ஒச்சப்பன் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடத்துக்குப் போவதற்கு முன்பே உடம்பு விழுந்துவிட்டது. மூக்கு மணலில், விரல் காதில், பல்லுக்கு நடுவில் தோள் துண்டு. பக்கத்தில் ஆயம்மாளும் குழந்தையை மாருக்கடியில் வைத்துக் கவிழ்ந்துகொண்டாள். மற்ற குடும்பங்கள் கூடையையும் பாயையும் சுருட்டிக்கொண்டு கரையைப் பார்த்து ஓடின. ஓடுகிற ஓட்டத்திலும் ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். விழுந்து கிடந்த இருவரையும் பார்த்து நூருல்லா இலையும் கையுமாக நின்றான்.

"அண்ணே, என்ன பண்றீங்க? எந்திரிங்கண்ணே, தண்ணி வருது."

அது ஒச்சப்பன் காதில் விழவில்லை. நூருல்லா தோளைப் பிடித்து உலுக்கித்தான் எழுப்பினான். எழுந்தவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பலகை ஞாபகம் வந்தது. ஆயம்மாளைக் கைப்பிடித்துத் தூக்கினார். நூருல்லா பாத்திரத்தை எடுத்துக்கொண்டான். எல்லாரும் மணலில் கால் புதையப் புதைய ஓடிக் கரையேறினார்கள். ஏறி நின்றதும் வழக்கம்போல அவர் எண்ணினார்.

ஒரு தலை குறைந்தது.

"வேலா," என்றாள் ஆயம்மாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

ஒச்சப்பன் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். பாறைகளுக்கு நடுவில் நீலப் பாவாடை இல்லை. பக்கத்தில் நின்ற இத்தலார்க்காரர் ஒருவரிடம் திரும்பினார்.

"ரெண்டாவது சங்கு எப்பங்க ஊதும்?"

"மொதச் சங்கு ஊதிக் கால் மணி நேரத்துலீங்க. அது ஊதுனா தண்ணி உடனே வந்துருமுங்க. ஏனுங்க, யாராவது கீழ இருக்கறாங்களா?"

அதற்குள் நூருல்லா வாயில் கை வைத்து "வேலாமணீ" என்று கூவத் தொடங்கிவிட்டான். ஜெய்புன்னிசாவும் கூவினாள். கரையில் நின்ற அத்தனை பேரும், பெயர் தெரிந்ததும், சேர்ந்து கூவினார்கள். நல்ல மனுஷர்கள்தான். ஆனால் கூவிப் பயனில்லை என்று அந்தக் கரையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

"கத்தாதீங்க," என்றார் ஒச்சப்பன். "அவளுக்குக் கேக்காது. கேட்டாலும் வரமாட்டா."

ஆயம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொல்லிக்குடுத்ததுதானுங்களே," என்றாள்.

அவர் கீழே குதித்தார். நூருல்லாவும் கூடவே குதித்தான். நீ கீழ்ப்பக்கம் பார் என்று அவனைக் கை காட்டி அனுப்பிவிட்டு, இவர் அணைப் பக்கமாக ஓடினார். மணி பன்னிரண்டு முப்பத்தாறு. மணலில் சின்னக் காலடிகள் தெரிந்தன. கொஞ்ச தூரம் போய்க் கூழாங்கல் தொடங்கிய இடத்தில் அவையும் தொலைந்தன.

காணாமல் போன பிள்ளையைத் தேடுகிறவர்கள் மேடான இடத்தில் ஏறி நின்று பார்ப்பார்கள். ஒச்சப்பனும் ஒரு பாறையில் ஏறினார். ஏறிய பிறகுதான் இது முட்டாள்தனம் என்று உறைத்தது. இவள் தொலைந்த பிள்ளை இல்லை. சொன்னதைச் செய்கிற பிள்ளை. சங்கு ஊதியபோது எங்கே நின்றாளோ, அங்கிருந்து மிகவும் கிட்டத்தில் எது மிகவும் தாழ்வோ, அங்கேதான் கிடப்பாள். ஆற்றுக்குள் தாழ்வான இடம் என்றால் தண்ணீர் முதலில் வருகிற இடம். அதை நினைத்ததும் பாறையிலிருந்து சறுக்கி இறங்கினார்.

முதல் பள்ளத்தில் சருகு. இரண்டாவதில் யாரோ போட்டுவிட்டுப் போன சோற்று இலை. மணி பன்னிரண்டு முப்பத்தொன்பது. மூன்றாவது ஒரு பாறை இடுக்கு. முழுக் கையையும் விட்டுத் துழாவினார், ஈரம்தான் இருந்தது. "வேலா, வேலா" என்று வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. கத்தாதீர்கள் என்று ஊருக்குச் சொன்னவர்தான். நாற்பத்தொன்று. அவர் மண்டியிட்டு, எட்டு வயதுப் பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்து சுற்றிலும் பார்த்தார். நின்று பார்த்தபோது தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. ஆற்றின் நடு நூலுக்கு அந்தப் பக்கம், எப்போதோ மணல் அள்ளிய ஒரு குழி. வெள்ளைக் கற்கள் நாலைந்து அதன் விளிம்பில் சிதறிக் கிடந்தன.

குழிக்குள் வேலாமணி குப்புறக் கிடந்தாள். கணுக்கால் ஒட்டியிருந்தது, முழங்கை விரிந்திருந்தது, முகம் மணலில். ஒரு குறை சொல்ல முடியாது. அவ்வளவு அசைவில்லாமல் கிடந்ததால் ஒரு விநாடி அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் தன் மூச்சும் வந்தது.

"எந்திரி கண்ணு."

முதுகைத் தொட்டார். அவள் இன்னும் இறுகினாள். காதிலிருந்து விரலை இழுத்துவிட்டு, "வேலா, அப்பாதான்டா. எந்திரிச்சு வா, தண்ணி வருது," என்றார். அவள் கண்ணைத் திறக்காமலே தலையை மாட்டேன் என்று ஆட்டினாள். விரல் திரும்பவும் காதுக்குள் போய்விட்டது.

"சோதிக்கலடா. நெசமாத்தான் சொல்றேன். நெசமா."

எத்தனை முறை இதே வார்த்தையை இதே குரலில் சொல்லி ஏமாற்றப் பார்த்திருக்கிறார்? முட்டாயி தாரேன் என்றதுகூட இதே குழைவான குரலில்தான். அந்த நிமிஷத்தில் ஒச்சப்பனுக்குத் தன் குரலே பிடிக்கவில்லை. அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். அவள் குழி ஓரத்துச் செடியின் வேரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பிரித்த விரல் மறுபடி போய்ப் பிடித்தது. கடைசியில் வேரோடு பிடுங்கித்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பாவாடையிலிருந்த கற்கள் ஒவ்வொன்றாகக் கொட்டின. அவள் துணியைக் கடித்த வாயோடு முனகிக்கொண்டு, கால்களால் அவர் வயிற்றில் உதைத்துக்கொண்டே வந்தாள். முட்டாயி காட்டி ஏய்த்ததற்கு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் குட்டியதற்கு எல்லாமாகச் சேர்த்து உதைப்பது போல இருந்தது. அவர் வாங்கிக்கொண்டார்.

நடு நூலைத் தாண்டிக் கரையடிக்கு வந்தபோது இரண்டாவது சங்கு ஊதியது.

சங்கு கேட்டதுமே தோளில் இருந்த உடம்பு தளர்ந்தது. வேலாமணி கண்ணைத் திறந்தாள், வாயிலிருந்த துணியை எடுத்தாள். "இப்ப எறக்கி உடுங்கப்பா, முடிஞ்சுபோச்சு," என்றாள் சாதாரணமாக. மேலேயிருந்து நீண்ட நாலைந்து கைகள் அவளையும், பிறகு அவரையும் இழுத்து ஏற்றின. கீழ்ப்பக்கம் போன நூருல்லா ஏற்கெனவே மேலே வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தான்.

தண்ணீர் பெரிதாக ஆர்ப்பாட்டம் பண்ணி வரவில்லை. கலங்கலாக, நுரை தள்ளிக்கொண்டு, வளைவைச் சுற்றி வந்தது. வந்ததும் முதலில் மணல் குழிக்குள்தான் இறங்கியது. ஒரு சுழி சுழித்து அதை நிரப்பிவிட்டுத்தான் பாறைகளைத் தேடிப் போனது. கொஞ்ச நேரத்தில் அங்கே குழி இருந்ததற்கே அடையாளம் இல்லை. இலை, பாய், யாரோ விட்டுவிட்டுப் போன ஒற்றைச் செருப்பு எல்லாம் போய்க்கொண்டிருந்தன.

ஆயம்மாள் கைக்குழந்தையை ஜெய்புன்னிசாவிடம் கொடுத்துவிட்டு வேலாமணியின் முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தலைமுடியிலிருந்த மணலைத் தட்டத் தொடங்கினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். புருஷன் பக்கம் திரும்பவில்லை.

வேலாமணி அழவில்லை. தான் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது உதடு வெளுத்திருந்ததில் தெரிந்தது.

ஒச்சப்பன் அவள் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் அலைந்த கால்கள் அப்போதுதான் நின்றன.

"அப்பன் உனக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன் கண்ணு," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து நூருல்லாகூடக் கேட்டதில்லை. "இனிமே எங்க இருந்தாலும் சரி, எந்தச் சங்கு ஊதுனாலும் சரி, நா கூப்பிட்டா எந்திரிச்சு வந்துரோணும். கேட்டுதா?"

அவள் அவரையே பார்த்தாள். அவர் கண்ணை, வாயை, மறுபடி கண்ணை. பள்ளத்தில் கிடந்த நாட்களில் எல்லாம் பார்க்காமலே கேட்டுக்கொண்டிருந்த குரலுக்கு உரிய முகத்தை முதல் தடவையாகப் பார்க்கிறவள் போல வெகுநேரம் பார்த்தாள்.

"சோதிக்கலீங்களே?"

"இல்லடா. நெசமாத்தான்."

வேலாமணி மெல்லத் திரும்பி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நெசந்தானுங்களாம்மா?"